வேலை நேரத்தைப் பார்த்து அறையைத் தேர்ந்தெடுங்கள்: யாழ்ப்பாணத்து வீட்டில் அலுவலகம் அமைக்கும் முறை

வீட்டில் இருந்து வேலை செய்யத் தொடங்குகிறவர்களில் பலர் முதலில் தளபாடக் கடைக்குத்தான் போகிறார்கள். மேசையும் கதிரையும் வந்து இறங்கிய பிறகே அவற்றை எங்கே போடுவது என்ற கேள்வி எழுகிறது. வீட்டில் சும்மா கிடக்கும் அறை எதுவோ அதுவே அலுவலகம் ஆகிவிடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுடைய அறை, நெல்மூட்டை அடுக்கியிருந்த அறை, மேல்மாடியில் பாதி கட்டி விட்ட அறை. அந்த அறை இத்தனை காலம் ஏன் சும்மா கிடந்தது என்று யாரும் கேட்பதில்லை. பின்னேரம் அதற்குள் மனிதர் இருக்க முடியாது என்பதே பல வீடுகளில் உண்மையான காரணம்.

அறையின் நீள அகலத்தை அளப்பதற்கு முன் வேறொன்றை அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாளின் எந்த மணிகளில் நீங்கள் அந்த அறைக்குள் இருப்பீர்கள்? யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்து உழைக்கும் பலருடைய கடிகாரம் யாழ்ப்பாணத்துக் கடிகாரம் அல்ல. லண்டன் நிறுவனத்துக்குக் கணக்கு எழுதுகிறவர், மெல்பேர்னுக்கு மென்பொருள் செய்கிறவர், கனடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ஆகிய மூவருக்கும் ஒரே அறை பொருந்தாது.

ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

எதையும் வாங்காமல், எதையும் நகர்த்தாமல், ஒரு வாரம் இப்போது இருக்கிற இடத்திலேயே வேலை செய்யுங்கள். பக்கத்தில் ஒரு கொப்பி வைத்திருங்கள். எத்தனை மணிக்கு உட்கார்ந்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எதற்காக எழுந்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். எழுந்த காரணம்தான் முக்கியம். வியர்வை தாங்காமல் எழுந்தீர்களா, கழுத்து நோவெடுத்து எழுந்தீர்களா, படலையில் ஆள் கூப்பிட்டு எழுந்தீர்களா, இணையம் அறுந்து ரவுட்டரைப் பார்க்க எழுந்தீர்களா? வாரக் கடைசியில் அந்தப் பக்கங்களைப் புரட்டினால் பணத்தை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இன்னும் மூன்று விடயங்களையும் அதிலேயே எழுதுங்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பேசுகிறீர்கள்? எவ்வளவு நேரம் கடதாசியோடு வேலை செய்கிறீர்கள்? எவ்வளவு நேரம் யாரும் குறுக்கிடாத ஆழ்ந்த கவனம் தேவைப்படுகிறது? நாள் முழுக்கப் பேசுகிறவருக்குக் கதவும் ஒலியும் முதன்மை. மொழிபெயர்ப்பாளருக்கும் கணக்காளருக்கும் மேசையின் அகலம் முதன்மை. அவர்கள் மூலப்பிரதியை விரித்து வைக்க வேண்டும். நிரல் எழுதுகிறவர் ஒரே இருப்பில் நெடுநேரம் இருப்பதால் கதிரையும் கண்ணுக்கான வெளிச்சமும் அவருக்கு முதன்மை.

எந்த நாட்டு நேரம், எந்தத் திசை அறை

இலங்கை நேரம் கிறீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. நாம் ஆண்டு முழுவதும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. மற்ற நாடுகள் பல மாற்றுகின்றன. ஆகவே கணக்கை இரண்டு பருவங்களுக்கும் போட்டுப் பார்க்க வேண்டும்.

லண்டனில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரையான வேலை, அங்கே கோடை நேரம் நடக்கும் மாதங்களில், அதாவது மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை, நமக்குப் பிற்பகல் 1.30 முதல் இரவு 9.30 வரை. மற்ற மாதங்களில் 2.30 முதல் 10.30 வரை. மேற்குச் சுவர் வெயிலில் காய்வதும் இதே பிற்பகலில்தான். லண்டன் நேரத்துக்கு வேலை செய்கிறவர் மேற்கு அறையை எடுத்தால் நாளின் மிகக் கொடிய நான்கு மணி நேரத்தை அங்கே கழிப்பார். அவருக்குக் கிழக்கு அல்லது வடகிழக்கு அறை நல்லது. காலையில் அது சுட்டாலும் அப்போது அவர் அங்கே இல்லை.

மெல்பேர்ன், சிட்னி வேலை இதற்கு நேர்மாறு. அங்கே காலை 9 என்பது நமக்கு அதிகாலை 4.30, அவர்கள் ஒக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை முன்னகர்த்தி வைத்திருப்பதால் அந்த மாதங்களில் 3.30. மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். வீட்டில் எல்லாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய மேற்கு அறை இவர்களுக்கு அருமையான அறை. நண்பகல் வரை அது குளிர்ந்தே இருக்கும்.

ரொறொன்ரோ நேரம் தனிக் கதை. அங்கே காலை 9 என்பது நமக்கு அவர்களுடைய கோடை நேரத்தில் மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30. வேலை நள்ளிரவைத் தாண்டும். வெயில் போய்விட்டதே, எந்த அறையானாலும் என்ன என்று தோன்றும். ஆனால் கொங்கிறீற் கூரை பகல் முழுவதும் வாங்கிய வெப்பத்தை இரவில்தான் மெல்ல மெல்லக் கீழே விடுகிறது. மாலை முழுவதும், சில நாள்களில் அதற்கும் அப்பால், மேல்மாடி அறையின் கூரை அனலை இறக்கிக்கொண்டே இருக்கும். ஓட்டுக் கூரை விரைவில் சூடாகி விரைவில் ஆறிவிடும். பழைய ஓட்டு வீடும் புதிதாகக் கட்டிய மாடியும் ஒரே வளவில் இருந்தால், இரவு வேலைக்குப் பழைய வீட்டையே எடுங்கள். நடுவில் முற்றம் உள்ள நாற்சார் வீடு என்றால் முற்றத்தின் காற்றும் சேர்ந்து கிடைக்கும். அஸ்பெஸ்ரஸ் சீற் போட்ட அறை பகலில் கடுமையாகச் சுடும். மழை பெய்தால் பேசவே முடியாது. அந்தச் சீற்றில் மட்டும் துளை போடவோ அதை வெட்டவோ வேண்டாம். வெளிவரும் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. வெப்பத்தைக் குறைக்க உள்ளே தனியாகச் சீலிங் அடிப்பதே நல்ல வழி.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர்கள் வேறு கணக்குப் போட வேண்டும். லண்டனில் பள்ளி விட்டு மாலை 5 மணிக்கு வகுப்பு என்றால் இங்கே இரவு 9.30 அல்லது 10.30. ரொறொன்ரோவில் சனி, ஞாயிறு காலை 9 மணி வகுப்பு இங்கே மாலை 6.30 அல்லது 7.30. இந்த வகுப்புகள் வீட்டில் விளக்கு வைத்து, இரவுச் சாப்பாடு முடிந்து, முதியவர்கள் படுக்கப் போகும் நேரத்தில் நடப்பவை. இவர்கள் திசையை விட, படுக்கை அறைகளிலிருந்து எத்தனை சுவர் தள்ளி இருக்கிறோம் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். முன் விறாந்தையின் ஒரு பக்கத்தை அடைத்து எடுத்த சிறிய அறை பலருக்குப் போதுமானது.

சத்தமும் வீட்டாரும்

நம் ஊரில் வீட்டில் இருக்கிறவர் ஓய்வாக இருக்கிறார் என்றே எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். மாமி சொல்லாமல் வருவார். அது அன்பு, அதைத் தடுக்கக் கூடாது. ஆனால் நீங்கள் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் நேரே அறைக்குள் வந்து நிற்காமல் இருக்க வழி செய்யலாம். படலைக்கும் வாசலுக்கும் பக்கத்து அறையை அலுவலகம் ஆக்காதீர்கள். அதை எடுத்தே ஆக வேண்டும் என்றால் வெளிக்கதவைத் திறக்கும் பொறுப்பை வீட்டில் இன்னொருவருக்குக் கொடுங்கள். அறைக் கதவில் ஒரு சிவப்புத் துணி தொங்கினால் பேச்சு நடக்கிறது, இல்லாவிட்டால் தாராளமாக வரலாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். நாள் முழுக்கத் தொங்கவிட்டால் இரண்டாம் வாரம் யாரும் அதை மதிக்க மாட்டார்கள். உண்மையாகப் பேசும் நேரத்தில் மட்டும் தொங்கட்டும்.

குசினிக்கு ஒட்டிய அறை பெண்களுக்கு வசதி என்று வீட்டில் சொல்வார்கள். அடுப்பையும் பார்த்துக்கொண்டு வேலையும் செய்யலாமாம். இதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். அங்கே உட்கார்ந்தால் இரண்டு வேலையும் உங்கள் தலையில்தான் விழும். சம்பளம் தரும் வேலை ஒரு கதவுக்கு அப்பால் இருக்கட்டும்.

ஊர்ச் சத்தத்துக்கு நாட்காட்டி உண்டு. அதைப் பார்த்தே திட்டமிடலாம். நல்லூர்த் திருவிழா 25 நாள். கோவிலைச் சுற்றிய வீதிகளில் இருப்பவர்களுக்கு அந்த நாள்களில் கூட்ட நேரத்தை மாற்றுவதே நடைமுறை. மார்கழியில் திருவெம்பாவைக்கு விடியுமுன் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கும். அவுஸ்திரேலிய நேரத்துக்கு வேலை செய்கிறவர்கள் அந்தப் பத்து நாளும் வீதிப் பக்க யன்னலைச் சாத்தி வைக்க வேண்டியிருக்கும். தினசரிச் சத்தங்களில் பெரியது கிணற்று மோட்டர். அதைப் போடும் நேரத்தை உங்கள் வேலை நேரத்துக்கு வெளியே வையுங்கள். அது தொடங்கும் கணத்தில் மின்னழுத்தம் சற்று இறங்குவதும் உண்டு. கணினிக்கு அதுவும் நல்லதல்ல.

அறைக்குள் எழும் எதிரொலியைப் பலர் கவனிப்பதில்லை. சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள அறையில் பேசினால் மறுமுனையில் இருப்பவருக்குக் கிணற்றுக்குள் இருந்து கேட்பது போல இருக்கும். விலை உயர்ந்த மைக் வாங்குமுன் தரையில் ஒரு பெரிய பாயை விரியுங்கள், யன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள், உங்கள் முகத்துக்கு நேரே இருக்கும் சுவரில் புத்தக அலுமாரியை வையுங்கள். கைதட்டிப் பாருங்கள், ஒலி உடனே அடங்கினால் போதும்.

இசை ஆசிரியர்களுக்கு ஒரு சொல். சூம் போன்ற செயலிகள் மனிதக் குரல் அல்லாத ஒலியை இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடுகின்றன. வயலினின் நீண்ட நாதம் பாதியில் மறைவதற்கும் மிருதங்கத்தின் சொற்கள் விடுபடுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். ஒலி அமைப்புகளில் இசைக்கலைஞர்களுக்கான மூல ஒலி (Original sound for musicians) என்ற தெரிவு இருக்கிறது. வகுப்புக்கு முன் அதை இயக்குங்கள். இவர்களுக்கு மேசையும் தேவையில்லை. சம்மணமிட்டு இருக்கும் உயரத்தில் கமெராவை வைத்து, வில் பிடிக்கும் கையும் தந்தியில் ஓடும் விரல்களும் ஒரே சட்டகத்தில் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். முதுகுக்குச் சுவரும் தொடைக்குக் கீழே ஒரு தடித்த விரிப்பும் இருக்கட்டும்.

மேசையும் கதிரையும்

கடையில் கிடைக்கும் மேசைகள் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை அடி உயரம். அது நம்மில் பலருக்குத் தட்டச்சு செய்ய அதிக உயரம். அளப்பது எளிது. நீங்கள் பாவிக்கப் போகும் கதிரையில் இரு பாதமும் தரையில் படும்படி உட்காருங்கள். தோளைத் தளர்த்தி முழங்கையை நேர்கோணத்தில் மடியுங்கள். தரையிலிருந்து முழங்கை வரை ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். விசைப்பலகை இருக்க வேண்டிய உயரம் அதுதான். ஐந்தடி இரண்டு அங்குல உயரமுள்ள ஒருவருக்கு அது 65 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே கீழே வரும். அவர் 75 சென்டிமீட்டர் மேசையில் உட்கார்ந்தால் தோள் இரண்டும் நாள் முழுக்க உயர்ந்தே இருக்கும். மாலையில் வரும் கழுத்து நோவின் மூலம் அங்கே இருக்கிறது.

வழிகள் மூன்று. மேசைக்காலை அறுத்துக் குறைக்கலாம். மர மேசை என்றால் இதுவே மலிவு. மேசைக்குக் கீழே இழுப்புத் தட்டு ஒன்று பொருத்தி விசைப்பலகையை அதில் வைக்கலாம். அல்லது கதிரையை உயர்த்திவிட்டுப் பாதத்துக்குக் கீழே ஒரு பலகை வைக்கலாம். தச்சு வேலை செய்பவரிடம் புதிதாகச் செய்விக்கிறீர்கள் என்றால் உங்கள் முழங்கை அளவைக் கையோடு கொண்டுபோங்கள். மேசையின் ஆழம் குறைந்தது இரண்டு அடி. தனித் திரை வைப்பதானால் இரண்டரை அடி. திரை உங்கள் கை நீட்டும் தூரத்தில், அதன் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும். மடிகணினியை அப்படியே மேசையில் வைத்து வேலை செய்யும் எவருக்கும் இது அமையாது. மடிகணினியைப் புத்தகங்களின் மேல் உயர்த்தி, தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்கிப் பாவியுங்கள். வீட்டு அலுவலகத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் இவ்வளவு பயன் தருவது வேறொன்றும் இல்லை.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தூள்மரப் பலகையில் செய்த மேசை கடையில் அழகாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தில் விளிம்பு ஊதி, ஒட்டிய தாள் கிளம்பும். வேம்பு இங்கேயே கிடைக்கும், பூச்சி எளிதில் அண்டாது. பாட்டா காலத்து முதிரை மேசை ஒன்று வீட்டில் கிடந்தால் அதைத் தேய்த்து மெருகிட்டு எடுங்கள்; கடையில் அந்தத் தரத்துக்கு ஈடாக ஒன்றைக் காண்பது கடினம்.

கதிரை வாங்கும்போது இடுப்புக்குப் பின்னே தாங்கல் இருக்கிறதா, உயரம் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்ற இரண்டையும் பாருங்கள். றெக்சின் போட்ட கதிரை நம் வெக்கையில் முதுகில் ஒட்டும். வலைத்துணி முதுகுள்ள கதிரை நல்லது. கடையில் பத்து நிமிடமாவது உட்கார்ந்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

வெளிச்சம்

யன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்க வேண்டும். யன்னலுக்கு முகம் கொடுத்தால் கண் கூசும். முதுகு கொடுத்தால் திரையில் யன்னல் தெரியும், வீடியோவில் உங்கள் முகம் இருட்டாகும். கிழக்கு நோக்கி உட்கார வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் வடக்கு யன்னலுக்குப் பக்கத்தில் கிழக்குப் பார்த்து மேசையைப் போடுங்கள். பெரியவர்கள் மனமும் நிறையும், கண்ணுக்கும் நல்ல ஒளி கிடைக்கும்.

வடக்கு யன்னலில் வெயில் வராது என்று வடதேசத்தவர் எழுதிய நூல்களில் இருக்கும். அது இங்கே முழு உண்மை அல்ல. யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் நம் உச்சிக்கு வந்து வடக்கே தாண்டுகிறது; ஓகஸ்ட் கடைசியில் மீண்டும் உச்சி வழியாகத் தெற்கே போகிறது. இடைப்பட்ட மாதங்களில் சூரியன் வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறைவதால் காலையிலும் பின்னேரத்திலும் வடக்கு யன்னல் வழியே சாய்ந்த வெயில் உள்ளே வரும். கூரை விளிம்பு இந்தத் தாழ்ந்த வெயிலைத் தடுக்காது. யன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ ஓலைத் தட்டியோ தொங்கவிடுங்கள். உள்ளே போடும் திரையை விட வெளியே தொங்கும் தட்டியே வெப்பத்தைத் தடுக்கும், ஏனென்றால் வெயில் கண்ணாடிக்கு வருமுன்பே நின்றுவிடுகிறது. மேற்கே ஒரு வேம்பு நின்றால் அதை வெட்ட யாரையும் விடாதீர்கள்.

இரவு வேலைக்கு அறை நடுவில் ஒரு மின்குமிழ் போதாது. மேசையில் ஒரு விளக்கு, பின்சுவரில் படும்படி இன்னொரு மெல்லிய விளக்கு. இருட்டில் திரை மட்டும் ஒளிர்வதுதான் கண்ணைக் களைப்பாக்கும். மேசைக்கு 4000 கெல்வின் அளவிலான நடுத்தர வெள்ளை நல்லது. பெட்டியில் அந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். மின்விசிறியின் இதழ்களுக்கு மேலே விளக்கு இருந்தால் நிழல் துடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பால் வரும் தலைவலிக்குப் பலர் கண்ணாடி மாற்றிப் பார்க்கிறார்கள். விளக்கை இடம் மாற்றினால் தீரும்.

மின்சாரம்

2022இல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த நாள்களை யாரும் மறக்கவில்லை. இன்று அந்த நிலை இல்லை என்றாலும் மழைக்காலத்தில் ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்தால் சில மணி நேரம் போய்விடும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு அந்தக் காரணம் ஒரு தடவை சொல்லலாம், மாதா மாதம் சொல்ல முடியாது.

முதல் படி மலிவானது. மடிகணினியில் பற்றரி இருக்கிறது. மின்சாரம் போனதும் முதலில் அணைவது ரவுட்டர்தான். அதற்கென்று சிறிய யூபிஎஸ், அதாவது மின்சாரம் போனாலும் ரவுட்டரை ஓட்டும் பற்றரிப் பெட்டி, கடைகளில் கிடைக்கிறது. ரவுட்டர் ஏறத்தாழ 10 வாட் எடுக்கும். 10,000 மில்லி அம்பியர் மணி என்று போட்டிருக்கும் சிறிய யூபிஎஸ்ஸில் உள்ள கலங்கள் 3.7 வோல்ட் ஆகையால் அதன் உண்மையான கொள்ளளவு 37 வாட் மணிதான். ஆகவே மூன்று மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். வாங்குமுன் ரவுட்டரின் அடப்டரில் 12 வோல்ட் என்று இருக்கிறதா 9 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். மாறிப் போட்டால் ரவுட்டர் பழுதாகிவிடும்.

நீண்ட நேரம் தேவைப்படுகிறவர்களுக்குப் பெரிய பற்றரியும், அதன் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேட்டரும். கடைக்காரர் சொல்லும் அளவை ஏற்றுக்கொள்ளாமல் நீங்களே கூட்டிப் பாருங்கள். மடிகணினி 50 வாட், தனித் திரை 25, சாதாரண மின்விசிறி 60, மின்குமிழ் 10, ரவுட்டர் 10. மொத்தம் 155 வாட். 12 வோல்ட், 100 அம்பியர் மணி ஈயப் பற்றரியில் 1200 வாட் மணி இருக்கிறது. ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் பற்றரியின் ஆயுள் விரைவில் முடியும். ஆகவே 600 என்று வைத்து, இன்வேட்டரில் வீணாவதையும் கழித்தால் 510 அளவில் நிற்கும். 155ஆல் வகுத்தால் மூன்றேகால் மணி நேரம். மின்விசிறியை 30 வாட் எடுக்கும் பிஎல்டிசி வகைக்கு மாற்றினால் அதே பற்றரியில் நான்கு மணி நேரம் கிடைக்கிறது. பெரிய பற்றரி வாங்குவதை விட மின்விசிறியை மாற்றுவது மலிவு. லித்தியம் பற்றரி விலை கூட என்றாலும் அதன் கொள்ளளவில் எண்பது வீதத்துக்கு மேல் பாவிக்கலாம்.

ஈயப் பற்றரியை மூடிய அறைக்குள்ளோ படுக்கை அறையிலோ வைக்கக் கூடாது. ஏறும்போது அது ஐதரசன் வாயுவை விடும். காற்றோட்டமான விறாந்தையில், நிழலில், பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் வையுங்கள். லேசர் அச்சுப்பொறியை இன்வேட்டர் இணைப்பிலோ யூபிஎஸ்ஸிலோ கொடுக்காதீர்கள். சூடாகும் கணத்தில் அது இழுக்கும் மின்சாரத்தை அவை தாங்கா.

கூரையில் சோலார் போட்டவர்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். பொது மின்வழங்கலோடு இணைத்துப் போட்ட சாதாரண சோலார், மின்வெட்டு வந்தால் நண்பகல் வெயிலிலும் நின்றுவிடும். மின்கம்பிகளில் வேலை செய்யும் ஊழியர்களுக்கு மின்னதிர்ச்சி ஏற்படாமல் இருக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். மின்வெட்டிலும் மின்சாரம் வேண்டும் என்றால் பற்றரியோடு கூடிய ஹைபிரிட் இன்வேட்டர் தேவை. சோலார் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் வேலையை ஒப்புக்கொள்ளுமுன் உங்களுடையது எந்த வகை என்று பொருத்தியவரிடம் கேளுங்கள்.

பழைய வீடுகளில் புவி இணைப்புச் சரியாக இல்லாமல் இருக்கலாம்; அதை மின்வேலை தெரிந்தவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டின் ட்ரிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அறையை அமைக்கும் வேலையை நிறுத்திவிட்டு மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். வட்ட முள் பிளக் பொயின்ட்களில் அடப்டர் மேல் அடப்டர் செருகாமல், மேசைக்குப் பின்னால் 13 அம்பியர் சதுர முள் பொயின்ட் நான்கு புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

இணையம்

வீடியோ உரையாடல் ஒன்றுக்கு இரு திசையிலும் 3 முதல் 4 மெகாபிட் வேகம் போதும். ஆகவே வேகத்தை விட அறுபடாமை முக்கியம். பழைய வீடுகளின் சுண்ணாம்புக் கல் சுவர்கள் தடிப்பானவை. இரண்டு சுவர் தாண்டினால் வைஃபை மெலிந்துவிடும். ரவுட்டரிலிருந்து உங்கள் மேசைக்கு ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள். இருபது மீட்டர் கேபிளின் விலை, அறுந்துபோன ஒரு நேர்முகத் தேர்வின் இழப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. கைத்தொலைபேசியில் மாற்று இணைப்பு வைத்திருக்கிறவர்கள், வீட்டு இணைப்பு எந்த நிறுவனத்தினுடையதோ அதைத் தவிர்த்து வேறு நிறுவனத்தின் சிம் வாங்குங்கள். அந்த அறைக்குள்ளேயே, யன்னலும் கதவும் சாத்திய நிலையில், அதைச் சோதித்துப் பாருங்கள்.

தூசி, மழை, இடி

வைகாசி தொடக்கம் தென்மேற்குக் காற்றான சோழகம் வீசும் மாதங்களில் செம்மண் தூசி அறைக்குள் வந்து விசைப்பலகையிலும் மடிகணினியின் காற்றுத் துளையிலும் படியும். காற்று வரும் பக்க யன்னலுக்கு நுளம்பு வலை அடித்தால் நுளம்பும் தடைப்படும், தூசியின் ஒரு பகுதியும் தடைப்படும். மாலையில் வேலை முடிந்ததும் ஒரு பருத்தித் துணியால் மேசையை மூடிவையுங்கள்.

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. அதற்கு முன் புரட்டாதியில் ஒரு நாள் ஒதுக்கி இவற்றைச் செய்யுங்கள். தரையில் கிடக்கும் கேபிள்களையும் பிளக் பொயின்ட் பலகையையும் மேசைக் காலில் கட்டி ஓர் அடியாவது உயர்த்துங்கள். மேசையையும் அலுமாரியையும் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். ஈரச் சுவரிலிருந்து கறையான் மரத்துக்கு ஏறும் மண் கோடு அப்போதுதான் கண்ணில் படும். ஓடு மாறியிருக்கிறதா என்று கூரைக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். ஓட்டை வழியே ஒளி தெரியும் இடம்தான் ஒழுகும் இடம்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி வரும். வானம் கறுத்ததும் கணினியையும் ரவுட்டரையும் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிச்சை அணைப்பது மட்டும் போதாது. ஃபைபர் இழை வழியே மின்னல் வராது, ஆனால் ரவுட்டரின் அடப்டர் வழியே வரும். செப்புக் கம்பித் தொலைபேசி இணைப்பு என்றால் அந்தக் கம்பியையும் கழற்ற வேண்டும். கழற்றிய ரவுட்டரைச் சிறிய யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டு, சுவரோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் மடிகணினியின் பற்றரியில் வேலையைத் தொடரலாம். இடி ஓய்ந்து அரை மணி நேரம் கழித்து மீண்டும் செருகுங்கள்.